பூநகரித் தரவையில் பதினெட்டுச் செம்மறிகள்

பூநகரி வாடியடிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, உள்வீதியால் அரை மணித்தியாலம் சைக்கிள் உழக்கினால் பனைகள் விலகி வெளி திறக்கும். ஒரு பக்கம் வயல், மறுபக்கம் உவர்நிலம், இடையில் புல் தரவை. பின்னேரம் நான்கு மணிக்கு அங்கே போனால் அந்த அக்காவைக் காணலாம். தலையில் பழைய துவாய், கையில் பூவரசந் தடி, முன்னால் பதினெட்டுச் செம்மறிகள்.

கடைசியாக நான் போன நாளில் ஆடுகள் வழமையான இடத்தில் நிற்கவில்லை. வீதிக்கரையை ஒட்டி நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

"அங்கால போக ஏலாது தங்கச்சி. கல்லுப் போட்டிட்டாங்கள்" என்று தடியால் காட்டினார். புல்லுக்குள் வெள்ளை பூசிய எல்லைக்கல் ஒன்று தெரிந்தது. அதை நட்டது யார் என்று அவருக்குத் தெரியாது. ஊரில் ஒருவர் "காட்டுக்கு எடுக்கினம்" என்கிறார், இன்னொருவர் "பறவைக்கு எடுக்கினம்" என்கிறார். எழுத்தில் எவரும் எதுவும் கொடுக்கவில்லை. பதினெட்டு ஆட்டுக்கும் நாளைக்கு எங்கே புல் என்பதுதான் அவருக்குத் தெரியவேண்டியிருந்தது.

2008இல் இடம்பெயரும்போது அவரிடம் அறுபதுக்கு மேற்பட்ட செம்மறிகள் இருந்தன. பட்டியைத் திறந்துவிட்டு, பிள்ளைகளையும் இரண்டு பையையும் எடுத்துக்கொண்டு கிழக்கே நடந்தார். அந்த வருடம் நவம்பர் நடுப்பகுதியில் பூநகரி இராணுவத்தின் கைக்கு வந்தது. அடுத்த வருடம் கணவரை இழந்தார். செட்டிகுளம் முகாமில் இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது பட்டி நின்ற இடத்தில் பற்றைதான் நின்றது. உறவினர் ஒருவரிடம் வாங்கிய இரண்டு மறியாட்டில் தொடங்கி, நாய்க்கும் களவுக்கும் மாரிக்கும் கொடுத்தது போக, இன்று பதினெட்டு. மூத்த மகளின் படிப்பும் வீட்டுக் கூரையும் இந்த ஆடுகளால் வந்தவை.

நிலத்தைப் பாதுகாப்பதற்கு நம்மில் யாரும் எதிரிகள் அல்லர். பறவையும் புல்லும் பிழைக்கவேண்டும். ஆனால் பாதுகாப்பு என்றால் முதலில் ஆட்டைத் துரத்துவதுதானா? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு சில விடயங்களைத் தேடிப் படித்தேன். அவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நம்மூர்ச் செம்மறி

இலங்கையில் வெள்ளாட்டோடு ஒப்பிட்டால் செம்மறிகள் மிகக் குறைவு. இருக்கிற கொஞ்சத்திலும் பெரும்பங்கு வடக்கிலேதான். கால்நடைத் துறையினர் இதனை யாழ்ப்பாண உள்ளூர்ச் செம்மறி என்று குறிப்பிடுகிறார்கள். தென்னிந்தியச் செம்மறி இனங்களின் வழிவந்தது. வெள்ளை, கபிலம், கறுப்பு, இவை கலந்தது என எல்லா நிறத்திலும் உண்டு. குளிர்நாட்டு ஆடுபோலக் கத்தரித்து எடுக்கக் கம்பளி இல்லை, உடம்பில் இருப்பது முடிதான். அதனால் நமது வெயிலைத் தாங்கும். சிறிய உடம்பு என்பதால் தீனியும் தண்ணீரும் குறைவாகவே போதும்.

கடலுக்கு அப்பால் இராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்திலும் இதுபோன்ற வறட்சிக்குப் பழகிய இனங்கள் உண்டு. கீழக்கரிசல், வேம்பூர், இராமநாதபுரம் வெள்ளை என்பன அவற்றிற் சில. அறுவடை முடிந்த வயல்களில் இரவில் மந்தையை அடைத்து எருவுக்குக் கூலி வாங்குவது அங்குள்ள மேய்ப்பரின் வழக்கம். அவர்கள் அதைக் கிடை போடுதல் என்பார்கள். யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிலும் பட்டி அடைக்கும் வழக்கம் இருந்ததை நம் தாய்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் வாயில் வித்தியாசம் உண்டு. வெள்ளாடு தலையை உயர்த்தி, பின்னங்காலில் நின்று, குழை கடிக்கும். வேலியைத் தாண்டும், வாழையை முறிக்கும். செம்மறி தலையைக் குனிந்து புல்லைக் கடிக்கும். முன்னால் போகிற ஆட்டின் பின்னால் மற்றவை போகும். யோசிக்காமல் பின்னால் போகிறவர்களை நாம் செம்மறிக் கூட்டம் என்று ஏசுகிறோம். ஆனால் தனித்து வாழும் ஒரு பெண்ணுக்கு அந்தக் குணம்தான் பெரிய உதவி. ஒருவராலேயே இருபது ஆட்டைத் தரவைக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரலாம்.

இறைச்சிக்கடையில் வெள்ளாட்டுக்குத்தான் முதல் இடம் என்பது உண்மை. வாழ்வாதார உதவியாக வந்த பெரிய சாதி வெள்ளாடுகளைப் பார்த்து, செம்மறியைக் கைவிட்ட குடும்பங்களும் உண்டு. நான் வேலை செய்த கிராமம் ஒன்றில் அப்படிக் கொடுத்த கலப்பின ஆடுகளில் பாதி முதல் மாரியையே தாண்டவில்லை. கொட்டிலில் வைத்து அடர்தீனி போடவேண்டிய ஆட்டை, கொட்டிலுக்கே வழியில்லாத தாயிடம் கொடுத்தால் வேறென்ன நடக்கும்? மண்ணுக்குப் பழகிய ஆடு விலையிற் குறைந்தாலும் கையில் நிற்கும்.

புல்லுக்கு ஆடு எதிரியா?

புல் வளருகிற இடம் அதன் அடியில் இருக்கிறது. நுனியைக் கடித்தாலும் அடியிலிருந்து திரும்ப வரும். பற்றையும் மரக்கன்றும் அப்படியல்ல. அவற்றின் குருத்து நுனியில் இருக்கிறது, கடித்தால் வளர்ச்சி நின்றுவிடும். அளவாக ஆடு மேய்கிற நிலத்தில் புல் பிழைக்கிறது, பற்றை அடங்குகிறது. முற்றாக மேய்ச்சலை நிறுத்தினால் முதல் வருடம் புல் உயரமாக, அழகாகத்தான் தெரியும். பிறகு காய்ந்து சாய்ந்து அடியிலுள்ள தளிருக்கு வெளிச்சத்தை மறைக்கும். கோடையில் நெருப்புப் பிடித்தால் நிற்காது. மெல்ல மெல்லப் பற்றை ஏறிவிடும். வெளி இருந்தால்தான் வாழும் பறவைகள் அதன்பின் அங்கே தங்கா.

நமது கௌதாரிமுனையின் பெயரே ஒரு பறவையைச் சொல்கிறது. கௌதாரி இலங்கை முழுவதும் இருக்கும் பறவை அல்ல. புத்தளம் தொடக்கம் யாழ்ப்பாணம் வரையான வறண்ட கரைப்பகுதியே அதன் முக்கிய இருப்பிடம். அடர்ந்த காட்டைவிட, குட்டைப் புல்லும் இடையிடையே சிறு பற்றையும் உள்ள வெளிதான் அதற்கு வசதி. ஆட்காட்டிக் குருவியும் வெறுந் தரையில் முட்டையிடும். நம் பாட்டன்மார் ஆடு மாடு மேய்த்த தரவையிலேதான் இவையும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன.

இதில் மறுபக்கமும் உண்டு. ஓரிடத்திலேயே நாள் முழுவதும், வருடம் முழுவதும் மேய்த்தால் செம்மறி புல்லின் அடிவரை கடிக்கும். குளம்படியில் மண் இறுகி, பிறகு காற்றோடு பறக்கும். பூநகரியின் மணல் நிலத்துக்கு இது சிறிய ஆபத்து அல்ல. இன்னொன்று சீமைக்கருவேல். அம்பாந்தோட்டைப் பக்கம் புந்தல தேசிய பூங்காவில் இது பரவிப் பெருந்தொல்லையாகிவிட்டது. அதன் இனிப்பான காயைத் தின்னும் கால்நடைகள் சாணத்தோடு விதையைப் புது இடத்துக்குக் கொண்டுபோகின்றன. ஆகவே எந்த ஆடு, எத்தனை, எந்தக் காலத்தில் என்று பார்த்து மேய்த்தால்தான் மேய்ச்சல் நன்மை தரும்.

இரண்டு நாடுகள், இரண்டு பாடங்கள்

இந்தியாவின் இராஜஸ்தானில் பரத்பூர் என்னும் ஊருக்கு அருகே கேவலாதேவ் என்ற பறவைப் பூங்கா இருக்கிறது. சுற்றுக் கிராமத்தவர் காலங்காலமாக எருமையும் மாடும் மேய்த்த சதுப்பு நிலம் அது. தேசிய பூங்காவாக்கப்பட்டபின் 1982 நவம்பரில் மேய்ச்சலை ஒரேயடியாகத் தடைசெய்தார்கள். கிராமத்தவர் எதிர்த்தார்கள். பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அதன் பின்பு நடந்ததை எவரும் எதிர்பார்க்கவில்லை. மேய வாயில்லாத புல் அடர்ந்து நீர்ப்பரப்பை மூடத் தொடங்கியது. தண்ணீரில் இரை தேடும் பறவைகளுக்கு இடம் குறைந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் அங்கே பல வருடங்கள் ஆய்வு செய்தது. எருமைகளை அகற்றியது பறவைகளுக்கு நன்மை தரவில்லை என்பதே அது கண்ட முடிவு.

ஜேர்மனியின் வடக்கே லூனபேர்க் என்ற இடத்தில் நேர்மாறான கதை. அங்கே ஊதாநிறப் பூப்பூக்கும் பெரிய பற்றைவெளி ஒன்று இருக்கிறது. 1920களின் தொடக்கத்திலேயே அது இயற்கை ஒதுக்கிடமானது. அங்கு காவலாளி, வேலி ஆகியவற்றோடு உள்ளூர்ச் செம்மறியும் வேலைக்கு நிற்கிறது. ஹைட்ஷ்னுக்க என்று அதற்குப் பெயர். கொம்பு வைத்த, நரைநிறச் செம்மறி. வெளியில் முளைக்கிற மரக்கன்றுகளை அது கடித்துவிடுவதால் நிலம் காடாகாமல் இருக்கிறது. பூக்களுக்கு இடையே சிலந்தி கட்டிய வலைகளை மந்தை நடந்து அறுப்பதால் தேனீக்களுக்கு வழி கிடைக்கிறது என்று அங்குள்ள தேன் வளர்ப்போர் சொல்வார்களாம். மேய்ப்பவர் அங்கே நிலத்தைப் பராமரிக்கும் பணியாளர்.

ஒரு நாட்டில் மேய்ப்பவர் குற்றவாளி, இன்னொரு நாட்டில் பணியாளர். இரண்டு இடத்திலும் நோக்கம் நிலத்தைக் காப்பதுதான். மேய்ப்பவரோடு பேசினார்களா இல்லையா என்பதில்தான் வேறுபாடு.

எந்தப் பலகை என்ன சொல்கிறது?

கல்லையும் பலகையையும் கண்டவுடன் பயந்து ஆட்டை விற்றுவிடும் பெண்களை நான் கண்டிருக்கிறேன். பயப்படுவதற்கு முன் அது என்ன கல் என்று அறியவேண்டும். எல்லாப் பாதுகாப்பும் ஒன்றல்ல.

தேசிய பூங்கா: வனஜீவராசிகள் திணைக்களத்தின் கீழ் வருவது. வளர்ப்பு விலங்குகளை உள்ளே விட முடியாது. நமது பக்கத்தில் சுண்டிக்குளமும் நெடுந்தீவும் மடு வீதியும் 2015 ஜூனில் தேசிய பூங்காக்களாக அறிவிக்கப்பட்டன. நெடுந்தீவில் 1,846 ஹெக்டேயர். காட்டுக் குதிரைகள் மேயும் அதே தீவில்தான் மக்களின் மாடும் ஆடும் மேய்கின்றன.

சரணாலயம்: இதுவும் அதே திணைக்களத்துக்குரியது. ஆனால் கட்டுப்பாடு தளர்வானது. தனியார் காணியும் இதற்குள் அடங்கலாம். சுண்டிக்குளம் 1938 முதல் சரணாலயமாகவே இருந்து, 2015இல்தான் பூங்காவானது. பூநகரியிலிருந்து மன்னார் வீதியால் போனால் மன்னாருக்கு அப்பால் வங்காலைச் சரணாலயம் இருக்கிறது. 2008இல் அறிவிக்கப்பட்டு, 2010இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அங்கே பாதுகாக்கப்படும் வாழிடங்களில் வறள்நில மேய்ச்சற் புல்லும் கடலோரப் புல்வெளியும் சேர்ந்தே இருக்கின்றன. புல்வெளியும் பாதுகாக்கத்தக்க செல்வம்தான் என்பதை அரசாங்கமே ஏற்றுக்கொண்டதற்கு இது சான்று.

ஒதுக்கக் காடு: இது வனத் திணைக்களத்துக்குரியது. அனுமதியின்றிக் கால்நடை மேய்ப்பது குற்றம்.

சாதாரண அரச காணி: தரவைகள் பலவும் இந்த வகைதான். பிரதேச செயலாளரின் பொறுப்பில் இருப்பவை. இவற்றை மேய்ச்சல் தரையாக ஒதுக்கித் தரும்படி கேட்க இடமுண்டு.

பாதுகாப்பு அறிவிப்பு ஒன்று சட்டப்படி வருவதென்றால் வர்த்தமானியில் வரவேண்டும், எல்லைகள் அதில் எழுதப்பட்டிருக்கவேண்டும். ஆகவே முதற் கேள்வி, "எந்தத் திணைக்களம், எந்த வர்த்தமானி, எந்தத் திகதி?" இதைக் கேட்பது நமது உரிமை. வாயால் கேட்டு வாயால் பதில் வாங்காமல், எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும் இப்படிக் கேட்கலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவேண்டியதில்லை.

மாரியின் நெருக்கடி

நம் மேய்ச்சலின் உண்மையான இடர் மாரியிலேதான் வருகிறது. பூநகரியில் வயல் பெரும்பாலும் மழையை நம்பியது. மொட்டைக்கறுப்பன் விளையும் மண் இது. காலபோகக் கூட்டத்தில் விதைப்புக்கு நாள் குறிக்கும்போதே கால்நடைகளை வயற்பகுதியிலிருந்து அகற்றவும் நாள் குறிப்பார்கள். அந்த நாளுக்குப் பின் வயலில் ஆடு மிதித்தால் வழக்கு, தண்டம். கட்டாக்காலி என்று பிரதேச சபை பிடித்துக்கொண்டு போகும். வயல் மூடுகிறது, தாழ்ந்த தரவையில் வெள்ளம் நிற்கிறது, மேட்டு நிலத்தில் எல்லைக்கல் நிற்கிறது. இந்த மூன்றுக்கும் நடுவில் ஆட்டோடு நிற்பது பெரும்பாலும் ஒரு பெண்.

ஈரமும் குளிரும் வேறு. 2022 டிசெம்பரில் மண்டூஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் இறந்தன. திறந்த வெளியில் ஒதுங்க இடமில்லாமல் நின்றவையே கூடுதலாக விழுந்தன.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது எலினோர் ஒஸ்ட்ரம் என்ற அமெரிக்கப் பெண் அறிஞரைப் பற்றி அறிந்தேன். பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதற் பெண் அவர், 2009இல். பொதுச்சொத்தை ஊர்மக்களே கூடிப் பேசிக் கெடாமல் காக்க முடியும் என்று பல நாட்டு உதாரணங்களோடு நிறுவினார். அவற்றுள் ஒன்று சுவிற்சர்லாந்தின் மலைக்கிராமமான தோர்பெல். அந்த ஊர் 1517இல் ஒரு விதி எழுதி வைத்தது. குளிர்காலத்தில் ஒருவர் தன் தீனியால் எத்தனை மாட்டைக் காப்பாற்ற முடியுமோ, அத்தனையைத்தான் கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம். அவ்வளவுதான் விதி. அதனால் புல்லும் மிஞ்சியது, ஊரில் சண்டையும் குறைந்தது.

நமக்குப் பனி இல்லை, மாரி இருக்கிறது. மாரி மாதங்களில் எத்தனை ஆட்டுக்குக் குழையும் வைக்கோலும் நம்மால் போட முடியும் என்று கணக்குப் பார்த்து, அந்த அளவோடு பட்டியை வைத்தால் தரவை தாங்கும். "உங்கள் ஆடுகள் நிலத்தை அழிக்கின்றன" என்று சொல்பவருக்கு முன்னால் நாம் வைக்கக்கூடிய வலுவான பதிலும் அதுதான்.

நாம் செய்யக்கூடியவை

1. ஆடு வைத்திருப்போர் ஐந்து பேராவது சேருங்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ கால்நடை வளர்ப்போர் சங்கத்திலோ இதற்கென்று ஒரு குழு அமையுங்கள். தனியொருத்தியாகப் போனால் நாளைக்கு வா என்பார்கள். ஐந்து பேராகப் போனால் கதிரை தருவார்கள்.

2. கால்நடை வைத்தியர் பணிமனையில் ஆடுகளின் எண்ணிக்கையைப் பதிந்துகொள்ளுங்கள். பதிவில் இல்லாத ஆட்டுக்கு நட்டஈடும் இல்லை, மேய்ச்சல் தரையும் இல்லை.

3. எந்த மாதத்தில் எந்த இடத்தில் மேய்த்தீர்கள் என்று வயதானவர்களிடம் கேட்டு ஒரு தாளில் கீறி வையுங்கள். அதனைக் கிராம அலுவலருக்கும் பிரதேச செயலாளருக்கும் கடிதத்தோடு கொடுத்து, ஒரு பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

4. தரவையை மூன்று நான்காகப் பிரித்து மாறி மாறி மேயுங்கள். ஒரு பகுதிக்கு ஓய்வு கிடைத்தால் புல் விதைபோட நேரம் கிடைக்கும். ஆட்காட்டி முட்டையிட்ட இடத்தைக் கண்டால் ஆட்டைச் சற்று விலத்திப் போங்கள், நாயைக் கொண்டுபோகாதீர்கள்.

5. வேலியில் கிளிசிறியா, பூவரசு, முள்முருக்கு நாட்டுங்கள். இப்பில் இப்பில் குழையை மட்டும் தனியே அதிகமாகப் போடவேண்டாம், மற்றக் குழைகளோடு கலந்து போடுங்கள்.

6. மழைக்கு முன் பட்டியை மேட்டுக்கு மாற்றுங்கள். நிலத்திலிருந்து உயர்த்திப் பனஞ்சிலாகையால் தளம் அடித்து, காற்று வரும் பக்கத்தை ஓலையால் மறைத்தாலே பல குட்டிகள் தப்பும். மாரி தொடங்கமுன் குடற்புழு மருந்தைக் கால்நடை வைத்தியரிடம் கேட்டு, அளவறிந்து கொடுங்கள்.

7. மாட்டுக்குரிய கனியுப்புக் கலவையைச் செம்மறிக்குக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள செம்புச் சத்து மாட்டுக்கு நல்லது, செம்மறியின் ஈரலுக்கு நஞ்சு.

8. செம்மறி ஐந்து மாதம் சினை சுமக்கும். பெரும்பாலும் ஒரு குட்டிதான் போடும். ஆகவே அவசரத்துக்கு மறியை விற்காதீர்கள், கிடாயை விற்றுச் சமாளியுங்கள். அதேவேளை ஒரே கிடாயை வருடக்கணக்கில் வைத்திருக்காமல் அயலூர்ப் பட்டியோடு மாற்றிக்கொண்டால் குட்டிகள் திடமாக இருக்கும்.

9. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்துக்கு ஆடு போய்விட்டால் பின்னால் போகாதீர்கள். ஆடு போனால் ஆடு. நீங்கள் போனால் உங்கள் பிள்ளைகளுக்கு யார்?

தடியை ஊன்றிக்கொண்டு

ஐக்கிய நாடுகள் சபை 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்போருக்குமான சர்வதேச ஆண்டாக அறிவித்தது. இதை அந்த அக்காவிடம் சொன்னபோது சிரித்தார். "எங்களுக்கும் ஒரு வருசமோ?" என்று கேட்டார். பிறகு "வருசம் வேண்டாம் தங்கச்சி, அந்தப் புட்டிதான் வேணும்" என்றார். மாரியில் வெள்ளம் ஏறாத ஒரு மேட்டுத் துண்டைத்தான் அவர் புட்டி என்று சொன்னார். அது கல்லுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

இப்போது அவரோடு ஏழு பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். எட்டுப் பேரிடமும் மொத்தம் எத்தனை ஆடு, மாரியில் எத்தனைக்குத் தீனி உண்டு என்று பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில் எழுதினோம். இரண்டு பேர் தங்கள் பட்டியைக் குறைக்கவேண்டும் என்று அந்தக் கணக்கு சொன்னது. அதில் ஒருவர் அந்த அக்காதான். பேசாமல் இருந்தவர், சற்றுப் பொறுத்து "சரி, மூன்று கிடாயை விக்கிறன்" என்றார். மற்றவரும் ஒத்துக்கொண்டார். அதன் பிறகுதான் கடிதம் எழுதினோம். மேட்டுத் துண்டை மாரி மாதங்களுக்கு மட்டும், இத்தனை செம்மறிக்கு மட்டும், வெள்ளாடும் நாயும் இல்லாமல் விடும்படி கேட்டோம். அந்தக் காலத்தில் அங்கே முளைக்கும் சீமைக்கருவேலங் கன்றுகளைத் தாங்களே பிடுங்கித் தருவதாகவும் எழுதினோம். எட்டுப் பேரும் கையெழுத்து வைத்தார்கள். ஒருவர் கைநாட்டு.

பதில் இன்னும் வரவில்லை. ஆனால் கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை இருக்கிறது. அந்த அக்கா அதை ஒரு பொலித்தீன் பைக்குள் வைத்து, குடும்ப அட்டையோடு சேர்த்துச் சூட்கேசுக்குள் வைத்திருக்கிறார். காலபோகக் கூட்டத்துக்கு இந்த முறை எட்டுப் பேரும் சேர்ந்து போவதாக முடிவு. இதுவரை அந்தக் கூட்டத்தில் வயற்காரர் பேசினார்கள், அதிகாரிகள் பேசினார்கள். ஆட்டுக்காரப் பெண் எழுந்து பேசியதை நான் கண்டதில்லை.

உங்கள் ஊர்த் தரவையிலும் ஒரு கல் நின்றால், முதலில் ஆட்டை விற்காதீர்கள். முதலில் கொப்பியை எடுங்கள்.